உமிச்சாம்பல் பூசிய பஞ்சும் அறுவடை வண்டி கழுவிய தண்ணீரும்

தை பிறந்துவிட்டால் டெல்டாவில் வாட்டர் சர்வீஸ் கொட்டகைகளுக்கு ஓய்வு கிடையாது. சம்பா வயலில் இறங்கி ஏறும் செயின் அறுவடை வண்டி களிமண்ணையும் வைக்கோல் தூசியையும் மட்டும் சுமந்து வருவதில்லை. உருளைகளிலிருந்து பிதுங்கிய கிரீஸ், ஹைட்ராலிக் குழாய் மூட்டில் வழிந்த ஆயில், டேங்க் வாயைச் சுற்றிச் சிந்திய டீசல் எல்லாம் அந்தச் சேற்றோடு குழைந்திருக்கும். பிரஷர் கன் அடித்துக் கழுவிய தண்ணீர் பல இடங்களில் கொட்டகைக்குப் பின்னால் உள்ள வடிகாலுக்கோ குட்டைக்கோதான் போகிறது.

அது போய்ச் சேரும் காலமும் மோசமானது. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். வண்டிகள் கழுவப்படும் மாதங்களில் வாய்க்காலில் ஓட்டம் இருக்காது. எண்ணெய் வாய்க்கால் மண்ணில் ஊறிக் கிடந்து, புதுத் தண்ணீர் வரும்போது அதோடு கிளம்பிக் குறுவை நாற்றங்காலுக்குப் போகும். ஒரு லிட்டர் வேஸ்ட் ஆயில் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் பரவினால் 1,000 சதுர மீட்டரை மூடும். நம் கணக்கில் 25 சென்ட், ஏறக்குறைய முக்கால் மா. தண்ணீர் மேல் வானவில் நிறம் காட்டும் படலத்தின் கனம் 0.3 முதல் 5 மைக்ரான் வரைதான். ஆகவே முக்கால் மா என்பது மிகைப்படுத்திய கணக்கு இல்லை.

நானோ பூச்சு, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் பூச்சுப் பூசிய ஃபோம் பஞ்சு இந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யுமா, எத்தனை முறை பிழிந்து பயன்படுத்தலாம் என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். செய்யும். ஆனால் பஞ்சு கடைசியில் வர வேண்டிய பொருள். அதற்கு முன்னால் ஒரு தொட்டி வேண்டும், சேறு இறங்க ஓர் இடம் வேண்டும், சோப்பை ஒதுக்கி வைக்க வேண்டும். இவை சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பஞ்சும் ஒரு வாரத்தில் சாதாரணப் பஞ்சாகிவிடும்.

முதலில் தொட்டி

தண்ணீரில் எண்ணெய் எந்த அளவுத் துளியாக இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. ஸ்டோக்ஸ் விதிப்படி துளி மேலே எழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரியில், 0.9 அடர்த்தியுள்ள எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் 150 மைக்ரான் துளி நொடிக்கு 1.5 மி.மீ. எழும், ஒரு மீட்டர் ஏறப் பதினோரு நிமிடம் போதும். 20 மைக்ரான் துளிக்கு அதே ஒரு மீட்டர் பத்து மணி நேரம். 5 மைக்ரான் துளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம். பெரிய துளியைத் தொட்டியே பிரித்துவிடும், செலவில்லாமல். தொட்டிக்கு எட்டாத சிறிய துளிக்குத்தான் பஞ்சு.

ஒரு கன் நிமிடத்துக்கு 13 லிட்டர் அடிக்கிறது, அதாவது மணிக்கு 800 லிட்டர். 60 மைக்ரான் வரையுள்ள துளிகளைத் தொட்டியில் பிடிக்க வேண்டும் என்றால் அந்தத் துளி மணிக்கு 0.88 மீட்டர் எழும். 0.8 கன மீட்டரை 0.88-ஆல் வகுத்தால் 0.9 சதுர மீட்டர் பரப்பு. தண்ணீர் சலசலத்து வரும் என்பதால் ஒன்றரை மடங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்று ஒரு தொட்டி கட்டினால் சரியாக வரும். ஆழத்தைக் கூட்டுவதால் எண்ணெய் பிரிவது அதிகமாகாது. பரப்பைக் கூட்டினால்தான் அதிகமாகும். இடமில்லை என்று குறுகலாக, கிணறு மாதிரி ஆழமாகக் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

தொட்டிக்கு முன்னால் சேறு இறங்கத் தனியாக ஒரு குழி அவசியம். காவிரி வண்டல் நைசானது. எண்ணெய் பட்ட களிமண் மிதக்கவும் செய்யாமல், முழுதாக அடியில் படியவும் செய்யாமல் நடுவில் தொங்கும். அது பஞ்சுக்குள் புகுந்தால் துளைகள் அடைபடும், எவ்வளவு பிழிந்தாலும் வெளியே வராது. வண்டியைத் தண்ணீர் அடிப்பதற்கு முன் மண்வெட்டியால் சுரண்டி, கிரீஸ் கட்டிகளை வைக்கோல் பிரியால் துடைத்து எடுத்துவிட்டால் தொட்டிக்கு வரும் சுமையில் பெரும்பகுதி குறைந்துவிடும். நான் சொல்வதில் செலவே இல்லாத வேலை இதுதான், இதைத்தான் யாரும் செய்வதில்லை. அந்த வைக்கோலைத் தனிச் சாக்கில் போடுங்கள்; மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகக் கூடாது.

இன்னொன்று. தண்ணீரைத் தொட்டிக்குள் மோட்டார் வைத்து ஏற்றாதீர்கள். சென்ட்ரிஃபியூகல் பம்பின் சுழலி 150 மைக்ரான் துளியை அடித்து 10 மைக்ரானாக்கிவிடும். தரையைச் சரிவாகப் போட்டு, தானாக வழிந்து வரும்படி வைப்பதே நல்லது. ஏற்றியே ஆக வேண்டும் என்றால் டயாபிரம் பம்ப், மெதுவான ஓட்டத்தில்.

பஞ்சில் நானோ என்ன செய்கிறது

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்கு இரண்டு காரணங்கள். இலையின் மேல் மெழுகு இருக்கிறது. அந்த மெழுகு நுண்ணிய மேடுபள்ளமாக இருக்கிறது. 1997-ல் பார்த்லாட், நைன்ஹூயிஸ் என்ற இரு ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் இதை விரிவாக விளக்கினார்கள். தண்ணீர்த் துளி மேட்டின் நுனிகளில் மட்டும் உட்கார்ந்து, பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்வதால் அது உருண்டு ஓடுகிறது. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீரைவிட மிகக் குறைவு. அதே பரப்பில் அது பரவி உள்ளே இறங்கிவிடும். 2004-ல் சீன ஆய்வாளர்கள் எஃகு வலையில் டெஃப்லான் பூசி, எண்ணெயை ஊடே போகவிட்டுத் தண்ணீரை மறுக்கும் வலையைச் செய்து காட்டினார்கள். இன்று பேசப்படும் பஞ்சுகள் பலவும் அந்த எண்ணத்தின் வழியில் வந்தவை. 2017-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் அறிவித்த பஞ்சு தன் எடையைப் போல 90 மடங்கு எண்ணெய் குடிக்கும் என்றார்கள். 2020-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் காந்தப் பஞ்சு 30 மடங்கு குடித்தது, 40 முறைக்கு மேல் பயன்படுத்தலாம் என்றார்கள்.

இந்த 30, 90 என்ற எண்களைப் பார்த்து எது உயர்ந்தது என்று முடிவு செய்ய வேண்டாம். பஞ்சு எவ்வளவு குடிக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அடிப்பஞ்சின் அடர்த்திக்கு. மெத்தைக் கடையில் கிடைக்கும் பாலியூரித்தேன் ஃபோம் கன மீட்டருக்கு 25 கிலோ என்று வையுங்கள். அதில் 98 சதவீதம் வெற்றிடம். அத்தனையும் 0.88 அடர்த்தி எண்ணெயால் நிரம்பினால் 860 கிலோ. 25-ஆல் வகுத்தால் 34 மடங்கு. அதற்கு மேல் எந்த நானோ வந்தாலும் போகாது. 9 கிலோ அடர்த்தியுள்ள மெலமின் ஃபோம் எடுத்தால் 90-ஐத் தாண்டும். பூச்சின் வேலை எண்ணெயைக் குடிப்பது இல்லை, தண்ணீரை மறுப்பது. பூசாத ஃபோமும் எண்ணெய் குடிக்கும். கூடவே தண்ணீரையும் குடித்துவிடும், பிழிந்தால் இரண்டும் கலந்து வரும். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால், பஞ்சை எப்போது தூக்கி எறிய வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உமியிலிருந்து சிலிக்கா

தாமரை இலையில் உள்ளது போன்ற மேடுபள்ளத்தைப் பஞ்சில் உண்டாக்கச் சிலிக்கா நுண்துகள் வேண்டும். நெல் விளையும் ஊரில் அதை வெளியில் வாங்க வேண்டியதில்லை. உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், நன்றாக எரிந்த சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா.

மில் பாய்லரில் வரும் கறுப்புச் சாம்பலை அப்படியே எடுக்காதீர்கள். கறுப்பு என்றால் கரி பாக்கியிருக்கிறது. வெப்பம் 800 டிகிரியைத் தாண்டிய இடத்தில் சிலிக்கா படிகமாகியிருக்கும். படிகம் காரத்தில் எளிதில் கரையாது, தூசியாக மூச்சில் போனால் நுரையீரலுக்கும் கேடு. உமியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து அலசி உலர்த்தி, 600 முதல் 700 டிகிரி உலையில் நான்கு மணி நேரம் வைத்தால் வெள்ளைச் சாம்பல் வரும். அமிலக் கழுவல் பொட்டாசியத்தை எடுக்கத்தான். பொட்டாசியம் இருந்தால் சாம்பல் உருகிக் கரியை உள்ளே பூட்டிவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் எரித்தாலும் கறுப்பு போகாது.

10 கிராம் சாம்பலுக்கு 80 மில்லி தண்ணீர், அதில் 8 கிராம் காஸ்டிக் சோடா. மூடி வைத்து, கிளறிக்கொண்டே மூன்று மணி நேரம் கொதிக்க விடுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தைவிட எஃகு நல்லது. சூடான காஸ்டிக் கண்ணாடியையும் அரிக்கும். வடிகட்டினால் கிடைப்பது சோடியம் சிலிக்கேட் கரைசல். அதில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, கிளறிக்கொண்டே விட்டு பி.எச். 7-க்குக் கொண்டு வாருங்கள். 10-ஐ ஒட்டி வரும்போது கலங்கும், பிறகு கூழாக இறுகும். அவசரப்பட்டு அமிலத்தை ஊற்றினால் ஊற்றிய இடத்தில் மட்டும் கட்டி தட்டி, துகள் பெரிதாகிவிடும். ஓர் இரவு வைத்து, கூழை உடைத்து, வெந்நீரில் ஐந்தாறு முறை அலசுங்கள். அலசலில் சோம்பல் கூடாது: சோடியம் சல்பேட் உப்பு மிஞ்சினால் அது பூச்சுக்குள் உட்கார்ந்து, பிறகு தண்ணீரில் கரைந்து, பூச்சில் ஓட்டை போடும். 110 டிகிரியில் நன்றாக உலர்த்திப் பொடியுங்கள். பொடிக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

பூசுதல்

ஃபோமைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை போதும்: ஒரு துண்டை வாயில் வைத்து ஊதுங்கள். காற்று தடையில்லாமல் போனால் திறந்த துளை ஃபோம். மூடிய துளை ஃபோம் இந்த வேலைக்கு ஆகாது.

3 செ.மீ. கட்டிகளாக வெட்டி, எத்தனாலில் இரண்டு முறை ஊறப் பிழிந்து, 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்த வேண்டும். பலரும் தாண்டிப்போகும் படி இது. பூச்சுக்குப் பசையாக நாம் எடுப்பது பாலிடைமெத்தில் சிலாக்சேன், இரு பாகமாக வரும் தெளிந்த சிலிக்கான் ரப்பர். அது இறுகுவது பிளாட்டினம் வினையூக்கியால். ஃபோம் தயாரிப்பில் சேர்த்த அமீனும் தகரச் சேர்மமும் உள்ளே தங்கியிருந்தால் அந்தப் பிளாட்டினத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். ரப்பர் கையுறையிலுள்ள கந்தகமும் அப்படியே. பூச்சு மறுநாளும் பிசுபிசுவென்று இருந்தால் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம். நைட்ரைல் கையுறை போடுங்கள்.

100 மில்லி ஹெக்ஸேனில் ரப்பரின் முதல் பாகம் 1 கிராம், இறுக்கும் பாகம் 0.1 கிராம், சிலிக்கா 1 கிராம். அல்ட்ராசோனிக் தொட்டியில் அரை மணி நேரம். நிறுத்திய சில நிமிடங்களில் சிலிக்கா அடியில் படிந்தால் துகளில் ஈரம் இருக்கிறது, மறுபடி உலர்த்துங்கள். ஃபோமை முக்கி, ஐந்தாறு முறை அமுக்கி விட்டு, நன்றாகப் பிழிந்து, ஹெக்ஸேன் முழுதும் ஆவியான பிறகு 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆவியாகும் முன் அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். ஹெக்ஸேன் தவிட்டெண்ணெய் ஆலைகளில் எண்ணெய் இறக்கப் பயன்படும் அதே கரைப்பான்தான். அங்கே ஒரு பீடி நெருப்புக்கும் என்ன கட்டுப்பாடு இருக்கிறதோ அதே கட்டுப்பாடு இங்கும் வேண்டும். 100 மில்லி அளவுக்கு ஆய்வகப் புகைக்கூண்டு போதும். கொட்டகைக்குத் தேவையான 40 லிட்டர் பஞ்சைப் பூசுவதென்றால் (ஏன் 40 என்பது பின்னால் வரும்), கரைப்பான் கையாள அனுமதியுள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும், வீட்டுக் கொல்லையில் கூடாது.

அளவு எவ்வளவு ஆகும்? பிழிந்த பிறகு பஞ்சில் தங்குவது அதன் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்தால், 40 லிட்டர் பஞ்சுக்கு ஏழு லிட்டருக்குள் கரைசல் செலவாகும். அதில் சிலிக்கா 70 கிராமுக்குள். அதற்கு 100 கிராம் சாம்பல். அதாவது அரை கிலோ உமி! ஒரு கொட்டகைக்கு ஆகும் மூலப்பொருள் சில படி உமிக்கு மேல் இல்லை. செலவு முழுவதும் ரப்பரிலும் ஹெக்ஸேனிலும்தான்.

ஃபுளோரின் சேர்ந்த பூச்சுகள் தண்ணீரை இன்னும் கடுமையாக மறுக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். டெல்டாவில் அவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நீண்ட சங்கிலிப் ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணில் அழிவதில்லை, அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.எஸ். 2009-லேயே, அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எண்ணெயை எடுக்கப் போய் அதைவிடக் கொடியதை வயலில் விடக் கூடாது. காந்தத் துகள் சேர்ப்பதும் இங்கே தேவையில்லை. திறந்த நீர்ப்பரப்பில் மிதக்கும் துண்டுகளைச் சேர்த்து எடுக்கக் காந்தம் உதவும். டிரம்மில் அடைத்த பஞ்சுக்கு அது வீண் செலவு.

டிரம்மில் அடைப்பது

ஒரு நாளில் 3,000 லிட்டர் தண்ணீர், தொட்டி தாண்டி வரும்போது லிட்டருக்கு 150 மி.கி. எண்ணெய். மொத்தம் 450 கிராம். பாசன நிலத்துக்கோ உள்நாட்டு நீர்நிலைக்கோ விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்பது மத்திய அரசின் பொது அளவுகோல். ஆகப் பஞ்சு எடுக்க வேண்டியது 420 கிராம். பஞ்சு 30 மடங்கு குடித்து, பிழிந்தால் ஐந்து மடங்கு உள்ளேயே தங்கும் என்றால் நிகரம் 25 மடங்கு. 17 கிராம் பஞ்சு போதும் என்று கணக்கு சொல்லும்.

இந்தக் கணக்கை நம்பி ஒரு கைப்பிடிப் பஞ்சை வைத்தால் எண்ணெய் அப்படியே தாண்டிப் போகும். 17 கிராம் பஞ்சின் கொள்ளளவு 700 மில்லிகூட இல்லை. நிமிடத்துக்கு 13 லிட்டர் ஓடும் தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டிருப்பது மூன்று நொடி. நுண்துளி பஞ்சின் பரப்பில் வந்து முட்டினால்தான் ஒட்டும். மூன்று நிமிடமாவது தொடர்பு வேண்டும். அதற்குத்தான் 40 லிட்டர், அதாவது ஒரு கிலோ பஞ்சு.

அடைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நன்றாகப் பூசிய பஞ்சுக்குள் தண்ணீரே நுழையாது. ஒரே பெரிய தட்டாக வைத்தால் தண்ணீர் சுவரோரம் வழி தேடிப் போய்விடும். அதனால்தான் கட்டிகளாக வெட்டுவது. தண்ணீர் கட்டிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகும். 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் அடியிலிருந்து மேலே தண்ணீர் ஏறும்படி வையுங்கள். பஞ்சு மிதக்கும், ஆகவே மேலே எஃகு வலை போட்டு இறுக்க வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீர் என்றால் வலை 316 ரகமாக இருக்கட்டும். 304 உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். உப்பால் ஒரு நன்மையும் உண்டு: துளிகளின் மின்னேற்றத்தை அது தணிப்பதால் அவை ஒன்றோடொன்று சேர்வது எளிதாகும்.

இரண்டு டிரம்களை வரிசையாக வையுங்கள். முதலாவது நிறைந்ததும் அதை எடுத்துப் பிழிந்து, இரண்டாவதை முன்னுக்குத் தள்ளி, பிழிந்ததைப் பின்னால் வைக்க வேண்டும். முதல் டிரம்மின் வெளிவாயில் ஒரு சிறு குழாய் வைத்தால், அங்கே மினுமினுப்பு தெரியும் அன்றே மாற்றிவிடலாம்.

சோப்பு

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஷாம்பு, சோப்புத் தூள், டிகிரீசர் எதுவானாலும் அதன் மூலக்கூறுக்கு எண்ணெய் விரும்பும் வாலும் தண்ணீர் விரும்பும் தலையும் உண்டு. வால் பஞ்சின் பூச்சில் போய் ஒட்டிக்கொள்ளும், தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான், தண்ணீரை மறுத்த பஞ்சு தண்ணீரை வரவேற்க ஆரம்பித்துவிடும். இன்னொரு பக்கம் சோப்பு எண்ணெயை 1 மைக்ரானுக்கும் கீழே உடைத்துப் பாலாக்கிவிடுகிறது. அந்தத் துளி தொட்டியில் எழாது, பஞ்சிலும் ஒட்டாது.

அடிப்பாகத்தையும் இன்ஜினையும் வெறும் தண்ணீரில் கழுவும் இடம் ஒன்று, பாடிக்கு ஷாம்பு போடும் இடம் வேறு என்று தரையையே பிரித்து, இரண்டு வடிகால் வைப்பதுதான் நிலையான வழி. ஏற்கெனவே பாலாகிவிட்ட தண்ணீருக்குப் படிகாரம். ஆறு பாத்திரங்களில் ஒவ்வொரு லிட்டர் எடுத்து, ஒரு சதவீதப் படிகாரக் கரைசலை 5, 10, 15, 20, 30, 40 மில்லி என்று விடுங்கள்; 10 மில்லி என்பது லிட்டருக்கு 100 மி.கி. ஒரு நிமிடம் வேகமாக, பதினைந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். தெளிந்தவற்றில் மிகக் குறைந்த அளவு எதுவோ அதுவே உங்கள் அளவு. பி.எச். 6.5-க்குக் கீழே இறங்கினால் கொஞ்சம் சுண்ணாம்பு. திரண்ட கசடு முழுதாக இறங்கிய பிறகே தண்ணீரைப் பஞ்சுக்கு விட வேண்டும்.

ஓட்டல், கல்யாண மண்டபச் சமையற்கட்டுத் தண்ணீருக்கும் இந்தப் பஞ்சு ஆகுமா என்றால், வேண்டாம் என்பேன். பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், ஆறியதும் உறையும் நெய்யும் டால்டாவும் மூன்றும் சேர்ந்து அதைக் கெடுக்கும். அங்கே நல்ல கிரீஸ் தொட்டி கட்டி வாரம் தவறாமல் அள்ளினாலே போதும்.

பிழிவதும் எண்ணுவதும்

கட்டிகளை ஐந்து லிட்டர் நைலான் வலைப்பையில் போட்டு அடைத்தால் எடுத்துப் பிழிவது சுலபம். முறுக்கிப் பிழியக் கூடாது. இரண்டு பலகைக்கு நடுவே, உயரம் ஐந்தில் ஒன்றாகும் வரை நேராக அமுக்குங்கள். அதற்கு மேல் அமுக்கினால் ஃபோமின் நரம்புகள் ஒடியும். பிழிந்ததை ஒரு கேனில் ஒரு நாள் விட்டு, அடியில் தங்கும் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி விடுங்கள்.

பெட்ரோல், தின்னர் ஊற்றிப் பஞ்சைச் சுத்தம் செய்வது உடனே பளிச்சென்று பலன் தரும், பூச்சுக்கு அதுவே எமன். சிலிக்கான் ரப்பர் ஹைட்ரோகார்பனில் ஊதிப் பெருக்கும். ஊதி ஊதிச் சுருங்கும்போது நரம்பிலிருந்து உரியும். டீசல் அதிகமாக வரும் கொட்டகையில் பூச்சு சீக்கிரம் போவதும் இதனால்தான். தடித்த ஆயில் இறுகிவிட்டால் மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெயில் ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பிழியுங்கள். சோப்புப் பட்ட பஞ்சுக்கு வெந்நீர் அலசல் இரண்டு, எத்தனால் அலசல் ஒன்று. நிழலில் உலர்த்துங்கள். ரப்பர் பூச்சு வெயிலைத் தாங்கும், உள்ளே இருக்கும் ஃபோம் தாங்காது, மஞ்சளாகிப் பொடியும். வேலை இல்லாத நாட்களில் தண்ணீரிலேயே ஊறவிட்டால் நம் வெக்கையில் சில நாட்களில் வழுவழுப்பாகப் பாசி பிடிக்கும்.

எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதற்கு நான் எண் சொல்ல மாட்டேன். ஆய்வகத்தின் 40 முறை நம் சேற்றுத் தண்ணீருக்குப் பொருந்தாது. எண்ணெய் குடிக்கும் அளவைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் பூச்சு முழுதும் போன ஃபோமும் எண்ணெய் குடிக்கும். பார்க்க வேண்டியது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதை. பிழிந்து உலர்ந்த கட்டி ஒன்றை 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் நிறுத்து, முள்கரண்டியால் தண்ணீருக்குள் ஒரு நிமிடம் அமுக்கிப் பிடித்து, உதறி மறுபடி நிறுங்கள். 3 செ.மீ. கட்டியின் வெற்று எடை 0.7 கிராம் இருக்கும். புதுப் பஞ்சில் எடை ஏறக்குறைய ஏறவே ஏறாது. 2 கிராமுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அந்தப் பையை எடுத்து மறுபூச்சுக்கு அனுப்பலாம் என்பது என் எல்லை. ஒவ்வொரு பைக்கும் எண் எழுதிய தகரத் துண்டு கட்டி, ஒரு நோட்டில் தேதி, பிழிந்த எண்ணெய், ஏறிய தண்ணீர் மூன்றையும் எழுதுங்கள். எண்ணெய் குறைந்து தண்ணீர் கூடாமல் இருந்தால் துளை சேற்றால் அடைத்திருக்கிறது. எண்ணெய் குறையாமல் தண்ணீர் கூடினால் சோப்பு, அல்லது பூச்சு உரிகிறது. இரண்டு நோய்க்கும் வைத்தியம் வேறு வேறு.

வெளியே போகும் தண்ணீரைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். மினுமினுப்பே இல்லாமல் 30 மி.கி. இருக்கலாம். சோதனைக்கு அனுப்ப ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் நேரடியாகப் பிடியுங்கள். பிளாஸ்டிக்கில் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டும். வேறு பாத்திரத்தில் பிடித்து ஊற்றினாலும் அப்படியே. பிடித்த உடனே அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்கி, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலையும் ஹெக்ஸேனால் அலசிச் சேர்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்ந்துபோன பஞ்சும், தொட்டிக் கசடும், கிரீஸ் துடைத்த வைக்கோலும் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் எண்ணெய் கலந்த கழிவு. பிழிந்த ஆயில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு, மற்றவை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். செங்கல் சூளைக்காரர் கேட்டாலும் பஞ்சைக் கொடுக்காதீர்கள். பாலியூரித்தேன் எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கிறது. அதுவரை மூடியுள்ள டிரம்மில், கூரைக்குக் கீழே, தரையிலிருந்து ஓர் அடி உயர மேடையில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டகைக்குள் தண்ணீர் வரும்போது மேடை இல்லாத டிரம் மிதந்து வாய்க்காலுக்குப் போய்விடும்.